வெளிச்சம் சொல்பவள்

பிளாட் என்ற ஆற்றின் கரையில், கொக்குப் படம் எடுப்பவர்கள் ஒளிந்திருக்கும் மரக்குடிலுக்குள் நுழையும்போது முதல் காரியமாகக் கேமராவின் முதுகுத் திரைமேல் கறுப்புப் பட்டையை ஒட்டிவிடுவார்கள். ஒட்ட மாட்டேன் என்பவர் எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் வெளியேதான். ஆற்று நடுவில், முழங்கால் ஆழ நீரில், பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் நின்றபடியே உறங்கும். ஜன்னல் ஓட்டை வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் போதும், ஒன்று கத்தும், ஊரே எழும்பும், அப்புறம் அன்றைய பொழுது வெறும் ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

திரை மூடியிருப்பதால் எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வ்யூஃபைண்டருக்குள் பார்த்துச் சரிசெய்யலாமே என்றால், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டி ஏமாற்றும். கேமராவின் ஒளிமானியோ வானத்தைப் பார்த்தால் ஒன்று சொல்லும், கறுத்த நீரைப் பார்த்தால் வேறொன்று சொல்லும். அதனால் அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் சொல்ல ஓர் ஆள் இருப்பார். மற்றவர்கள் அவர் சொன்னபடி கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்புவார்கள், அவ்வளவுதான், கேள்வி கிடையாது.

பல வசந்தங்களாக அந்த ஆள் லவோன் ஹாவ்லிக். ஓரத்து ஜன்னலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கிழக்கே வானத்தையும் கொக்குகளின் முதுகையும் மாறி மாறிப் பார்ப்பாள். "மூணு கிளிக் குறைங்க" என்று கிசுகிசுப்பாள். மூன்று கிளிக் என்றால் உள்ளே விடும் வெளிச்சத்தில் சரிபாதியை வெட்டுவது. இருட்டில் எல்லார் விரலும் ஒன்றாகச் சக்கரத்தைத் திருப்பும் சத்தம் கேட்கும். பொழுது விடிய விடிய மேலும் மூன்று, மேலும் இரண்டு. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள்; அந்த நேரத்தில் லவோனுக்கும் அப்படித்தான். அவள் சொல்லி எடுத்த படம் தப்பியதாக வரலாறு இல்லை.

இதெல்லாம் மார்ச் மாதத்துச் சனிக்கிழமைகளில் மட்டும். வார நாட்களில் லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கல்யாணமாகி அந்தப் பண்ணைக்கு வந்த சில வருடங்களில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. முதலில் அவள் வண்டியில் ஏறிய குழந்தைகளின் குழந்தைகள் இப்போது ஏறுகிறார்கள். சரளைச் சாலை, மைலுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு தபால்பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கி வழியும் ஒரு பிள்ளை. இத்தனை காலத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நகக்கீறல் பட்டதில்லை. பிறர் வீட்டுக் கண்மணிகளை அந்த மஞ்சள் வண்டியில் நம்பி ஏற்றிவிடுகிறார்களே, அந்த நம்பிக்கைதான் அவளுடைய சொத்து. வேறு பெருமை எதுவும் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பொழுது விடியத் தாமதமாகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மேகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து ஜன்னலில் இருந்த துவேன், தபால் இலாகாவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு மூன்று முறை அவள் பக்கம் திரும்பினார். "குறைக்கலையா?" என்று உதட்டசைவில் கேட்டார். அவள் பொறு என்று கையைக் காட்டினாள். பிறகு கொக்குகள் எழும்பின. தகரக் கூரையில் கல்மழை பொழிந்த மாதிரி அந்தச் சத்தம். எல்லாரும் அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள்.

குடிலை விட்டு வந்து, வருபவர்கள் கூடும் கூடத்துக்குத் திரும்பி, காபியும் இலவங்கப்பட்டை ரோலும் எடுத்துக்கொண்டு, கறுப்புப் பட்டையை உரிப்பது வழக்கம். உரித்ததும் ஒரே கூச்சலாக இருக்கும். என் படத்தைப் பார், உன் படத்தைக் காட்டு என்று. அன்றைக்குக் கூச்சல் இல்லை. துவேன் திரையைப் பார்த்தார், பார்த்த வேகத்தில் கேமராவை மடியில் கவிழ்த்துக்கொண்டார். எதிரே இருந்தவரும் பையைத் திறந்து உள்ளே வைத்துவிட்டார்.

படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு முட்டாள்தனம் உண்டு. முந்தின நாள் வேறெங்கோ படம் எடுத்தபோது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, தானாக மாறும்படி வைத்திருப்பார்கள். அதை மாற்ற மறந்து மறுநாள் வந்து உட்கார்ந்தால், இவர்கள் சக்கரத்தைத் திருப்பிக் குறைக்கக் குறைக்க அது பின்னாலிருந்து ஏற்றிக்கொண்டே போகும். சேர்ந்தாற்போல் பத்து வருடம் படம் எடுத்தவர் இதைச் செய்தால் வெளியே சொல்ல முடியாது, மானம் போகும். அன்றைக்கு ஒவ்வொருவரும் தான்தான் அந்த முட்டாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

முதல்முறையாக வந்திருந்த கொலீன் என்ற பெண்ணுக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. கேமராவை மேஜை நடுவில் வைத்தாள்.

"எல்லாம் வெள்ளையா வந்திருக்கு. பாலுக்குள்ள முக்கி எடுத்த மாதிரி. நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல, கொஞ்சம் பாருங்களேன்."

துவேன் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. மெதுவாகத் தன் கேமராவை நிமிர்த்திப் பக்கத்தில் வைத்தார். அதே வெள்ளை. பைக்குள் போட்டவரும் எடுத்து வைத்தார். கொக்கின் இறகு எது, விடிந்த வானம் எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாத் திரையிலும் ஒரே வெளுப்பு. ஒருவர் தவறு என்றால் ஒரு கேமராவில் இருக்கும். ஐந்து கேமராவில் ஒரே தவறு என்றால், அதைச் சொன்ன வாய் ஒன்று.

லவோன் தன் கேமராவைப் பார்த்தாள். ஐ.எஸ்.ஓ. தானாக மாறும் இடத்தில் இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. இல்லை. எல்லாம் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தது.

"மூடுபனி, லவோன். ஆத்துமேல கொஞ்சம் மூடுபனி இருந்துது இல்ல? அதான்" என்றார் துவேன்.

"ஆமா ஆமா, மூடுபனி" என்றார் இன்னொருவர்.

மூடுபனியே இல்லை. நல்லவர்கள் சொல்லும் பொய் சுடுகிற மாதிரி கெட்டவர்கள் எத்தனை திட்டினாலும் சுடாது. லவோன் சிரித்து வைத்தாள். ரோலைப் பாதி தின்றாள். கார் நிறுத்திய இடத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குக் கண்ணில் நீரழுத்தம், டாக்டர்கள் குளுக்கோமா என்பது. ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும் நோய் அது. வலிக்காது, சிவக்காது, தின்பது தெரியவே தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அம்மா பல்பைக் குறை சொன்னாள். "இப்ப வர்ற பல்பெல்லாம் மங்கல்" என்று வீடு முழுக்க மாற்றச் சொன்னாள். கடைசி வருடங்களில் சுவரைத் தடவிக்கொண்டே சமையலறைக்கு வருவாள். இந்தக் குளிர்காலம் முழுக்க லவோன் தன் புருஷன் வெர்லினிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அந்தக் காருக்குள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அடுப்புக்கு மேலே இருக்கிற பல்பு போதவில்லை, பெரிதாகப் போடு என்றாள். போட்டான். இன்னும் பெரிதாக என்றாள்.

போன இலையுதிர் காலத்தில்தான் ஓட்டுநர் பரிசோதனையில் கண்ணைப் பார்த்தார்கள். பளீரென்று விளக்கு எரியும் அறையில் அட்டையை நீட்டினார்கள், கடைசி வரிவரை படித்தாள். இருட்டில் அட்டையைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. வசந்தம் வந்ததும் அந்த நாட்டில் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பார்கள்; அன்றுதான் அந்த நாள். வெர்லின் எழுவதற்குள் லவோன் கேமராவோடு கொட்டகைப் பக்கம் போனாள். வேலியில் செந்தோள் கரும்பறவைகள் வந்து உட்கார்ந்திருந்தன. கண்ணால் மட்டும் பார்த்து, இவ்வளவு வெளிச்சம் என்று முடிவுகட்டி, சக்கரத்தைத் திருப்பி, ஒரு படம் எடுத்தாள். பிறகு திரையில் அந்த மலைக்கோட்டு வரைபடத்தைப் பார்த்தாள். படத்தின் வெளிச்சத்தை அது கோடாக வரைந்து காட்டும். அழகாக வந்த படத்தில் மலை நடுவில் நிற்கும். அவள் மலை வலது சுவரில் போய் முட்டி நசுங்கிக் கிடந்தது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் சுவர். உலகத்தில் இருப்பதில் பாதி வெளிச்சம்கூட அவளுக்கு வந்து சேரவில்லை.

சூரியன் நன்றாக மேலே வந்ததும் எடுத்துப் பார்த்தாள். மலை நடுவில் நின்றது. பகலில் எந்தக் குறையும் இல்லை. அரை இருட்டில் மட்டும்தான். ஒரு கணம் நிம்மதியாக மூச்சுவிட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கடிகாரம் மாறிவிட்டது; நேற்றைய ஆறு மணியை இனி ஏழு என்பார்கள். போன வெள்ளிக்கிழமை வரை வெயிலில் ஓடிய பேருந்து நாளையிலிருந்து அரை இருட்டில் ஓட வேண்டும். டிசம்பர் இருட்டில் ஓட்டினாளே என்றால், அப்போது தரையெல்லாம் பனி. வெள்ளைத் தரைமேல் பிள்ளைகள் கரும்புள்ளியாகத் தெரிந்தார்கள். இப்போது பனி உருகி எங்கும் மண்ணின் நிறம்.

"காலங்காத்தால கொட்டகையில என்ன வேலை? மாட்டுக்கெல்லாம் போட்டோ எடுத்து அடையாள அட்டை போடப் போறியா?" என்றான் வெர்லின், முட்டையைப் புரட்டிக்கொண்டே.

"பறவை வந்திருந்துது."

"பறவை வராத நாள் எது? அறுபது தாண்டின பொம்பளை, ஞாயித்துக்கிழமையாவது தூங்குறியா. கர்த்தரே ஓய்வெடுத்த நாள்டீ இது."

"வெர்லின்."

"என்ன?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவன் சிரிப்பதை நிறுத்திவிடுவான். உடனே போனை எடுப்பான். ஓட்டுநர் உரிமம் போகும். அந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டாதவள் இருப்பதும் ஒன்றுதான், வேலிக்கம்பம் இருப்பதும் ஒன்றுதான். கடை இருபது மைல், தேவாலயம் ஒன்பது மைல், பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் யாராவது வந்து கூட்டிப் போக வேண்டும். அம்மா சுவரைத் தடவியது அவள் கண்முன்னே நின்றது.

"முட்டை கருகுது" என்றாள்.

"பேச்சை மாத்தாதே. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒரு மணி நேரம் தூக்கம் போச்சு. எல்லாருக்கும்தான் போச்சு."

அன்று முழுக்க அவள் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். வியாழக்கிழமை கண் டாக்டரைப் பார்த்துவிடலாம். அதுவரை மூன்றே நாள். அந்தச் சாலை அவளுக்கு உள்ளங்கை ரேகை. எந்தத் தபால்பெட்டி சாய்ந்திருக்கிறது, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு என்று மனதுக்குள் சொன்னபோதே வாதம் அறுந்தது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் போய்ப் பேருந்தைக் கிளப்பினாள். பயந்தவர்கள் புத்திசாலித்தனமாக நடப்பார்கள் என்று யார் சொன்னது? பெரும்பாலும் முந்தின நாள் செய்ததையே செய்வார்கள்.

முதல் சில வீடுகளில் முற்றத்து விளக்கு எரிந்தது. பிள்ளைகள் வெளிச்சத்தில் நின்றார்கள், ஏறினார்கள். மார்லி வழக்கம்போல் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் சாய்ந்தாள். ஏழாம் வகுப்பு, உலகத்தில் எதுவும் தன்னை வியக்க வைக்காது என்று முடிவுசெய்துவிட்ட வயது. லவோன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்ததில் விரல்கள் மரத்துப்போயின. எதிர்ச் சாலை ஒரு பழுப்புக் குகை. முன்விளக்கு விழுந்த இடம் தெரிந்தது. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. அங்கே ஒன்றும் இல்லையா, அல்லது அவளுக்கு இல்லையா என்பதுதான் தெரியவில்லை.

அடுத்தது ஹேட்லி நிற்கும் இடம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை. அந்த வீட்டில் முற்றத்து விளக்கு கிடையாது. லவோன் வேகத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். தபால்பெட்டி எங்கே? இங்கேதான் இருக்க வேண்டும். சாய்ந்த கம்பம், மூடி உடைந்த பெட்டி. சட்டென்று அது பக்கவாட்டில் பின்னால் நழுவுவது தெரிந்தது. பிரேக்கை மிதித்தாள். சரளையில் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை.

"ஹேட்லி இன்னைக்கு லீவா?" என்றாள்.

வண்டி முழுக்க ஒரு அமைதி. பள்ளிப் பேருந்தில் அப்படி ஒரு அமைதி இருக்கவே கூடாது. அப்போது முன்பக்கத் தகரத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. கண்ணாடிக்குக் கீழே, எஞ்சின் மூடியின் விளிம்புக்கு மேலே, ஒரு சின்னக் கையுறை தெரிந்தது. குழந்தை வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டித் தட்டும் தூரம். சாம்பல் நிறக் கோட்டு.

ஹேட்லி சுற்றி வந்து, படியேறி, மூச்சிரைக்க நின்றாள்.

"மிஸ், நீங்க என்னைத் தாண்டி நிப்பாட்டுவீங்கன்னு நினைச்சு நான் முன்னாடி ஓடினேன். கை ஆட்டினேனே, பாக்கலையா? நீங்க என் மேலேயே வந்துட்டீங்க."

"உனக்கு... உனக்கு எங்கயாவது பட்டுச்சா?"

"இல்ல. பெட்டி தான் விழுந்துடுச்சு." சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "ஆப்பிள் உருண்டு போயிடுச்சு."

"ஹேட்லி தூரத்துலயே தெரிஞ்சாளே மிஸ்" என்றாள் மார்லி. அவள் குரலில் எப்போதும் இருக்கும் அலட்சியம் இல்லை. "நீங்களும் பாத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

லவோன் கைப்பிரேக்கை இழுத்தாள். அபாய விளக்கைப் போட்டாள். ஹேட்லியைத் தன் கையெட்டும் இருக்கையில் உட்காரவைத்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டிருந்த பொத்தானையே கழற்றி மறுபடி போட்டாள். பிறகு வண்டியிலிருந்து பேசும் வானொலியை எடுத்து அலுவலகத்தை அழைத்தாள். வண்டிகளைக் கவனிக்கும் ஜெரால்டினின் குரல் வந்தது.

"என்ன லவோன், வண்டியில கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. இருட்டா இருக்கு. நிறுத்திட்டேன்."

"கடிகாரத்தை மாத்தி வெச்சா இருட்டாத்தான் இருக்கும். நம்மள யாரு கேட்டு மாத்துறாங்க? பத்து நிமிஷம் நில்லு, பள்ளிக்கூடத்துல நான் சொல்லிக்கிறேன். நல்லா விடிஞ்சதும் ஓட்டிக்கிட்டு வா. எப்ப விடியும்னு உனக்கா சொல்லித் தரணும்?"

அந்த வார்த்தை அவளுக்கு ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. சரிதான், பத்து நிமிடம். வெளிச்சம் வந்துவிட்டால் அவள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. மெதுவாக ஓட்டிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடலாம். மாலையில் வெயில். நாளையும் இப்படியே கொஞ்சம் தாமதமாகக் கிளம்பலாம். வாரம் போகப் போகப் பொழுதும் சீக்கிரம் விடியும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஹேட்லியின் அம்மாவுக்குக்கூட. அந்த எண்ணம் எவ்வளவு இலகுவாக வந்தது என்பதில் அவளுக்கு மறுபடியும் பயம் பிடித்தது.

எதிரே வயலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். போன வருடத்துச் சோளத்தாள் நிற்கும் வயல், அதன் ஓரத்தில் வேலி. கம்பி தெரிய ஆரம்பித்தால் போதும், கிளம்பிவிடலாம். பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பழுப்பு. இன்னும் பழுப்பு. பின்னால் பிள்ளைகள் மெல்லப் பழைய சத்தத்துக்குத் திரும்பினார்கள்; யாரோ யாருடைய தொப்பியையோ பிடுங்கினார்கள்.

"மார்லி" என்று கூப்பிட்டாள். குரலை எப்போதும்போல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். "அந்த வேலியில கம்பி தெரிய ஆரம்பிச்சதும் எனக்குச் சொல்லும்மா. அப்ப கிளம்பலாம்."

மார்லி இருக்கையிலிருந்து எழுந்து வந்து கண்ணாடி வழியே பார்த்தாள். பிறகு லவோனைப் பார்த்தாள்.

"நாலு கம்பி மிஸ்" என்றாள் மெதுவாக. "மேல கம்பியில ஒரு குருவி இருக்கு. மஞ்சள் நெஞ்சு. அங்கே ஹேட்லியோட ஆப்பிள் கூடக் கிடக்கு, சிவப்பா. நீங்க நிப்பாட்டினப்பவே எல்லாம் தெரிஞ்சுதே மிஸ்."

லவோன் அவள் காட்டிய பக்கம் பார்த்தாள். அங்கே வேலி இல்லை, குருவி இல்லை, ஆப்பிள் இல்லை. பயம் என்றால் இதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாளாக அவள் பட்டது வெறும் கவலை. வெளியே எல்லாருக்கும் பொழுது விடிந்துவிட்டது. அவளுக்காக அது இனிமேல் இன்னொரு முறை தனியாக விடியப் போவதில்லை.

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். சாவியை உருவி மார்லியின் கையில் வைத்து, "இதை வெச்சுக்கோ. நானே கேட்டாலும் குடுக்காதே" என்றாள். பிறகு வானொலியை எடுத்தாள்.

"ஜெரால்டின், வேற ஆளை அனுப்பு. நான் ஓட்டல. இன்னைக்கு மட்டும் இல்ல."

"ஏன், என்ன ஆச்சு? அங்கே இன்னும் விடியலையா?"

"விடிஞ்சிருச்சாம்" என்றாள் லவோன்.